இஸ்திரி வண்டியும் இரண்டு சதுர மீட்டர் வெயிலும்

பள்ளி அறிவியல் கண்காட்சி எதற்குச் சென்றாலும், சூரிய ஆற்றலில் இயங்கும் கைவினைச் சாதனம் ஒன்றேனும் வாயிலருகே நம்மை வரவேற்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். அட்டைப்பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டிய அடுப்பு, சிறிய விசிறியைச் சுழற்றும் மின்பலகை, பாட்டில்களால் ஆன 'மின்சாரமில்லாக் குளிர்சாதனம்' என்று வெப்பம், மின்சாரம், குளிர்ச்சி மூன்றுக்கும் மாதிரிகள் இருக்கும். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் இத்தகைய கண்காட்சிகளில் மதிப்பெண் இடும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. நான் கேட்பவை மூன்றே கேள்விகள். எவ்வளவு? எப்போது? எங்கே? எத்தனை வாட் கிடைக்கிறது, தேவைப்படும் நேரத்தில் கிடைக்கிறதா, தேவைப்படும் இடத்தில் கிடைக்கிறதா? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு சில புகழ்பெற்ற சாதனங்களை உரசிப் பார்ப்போம். அவற்றில் முக்கியமான ஒன்று நம் திருவண்ணாமலையில் பிறந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

முதலில் குளிர்ச்சி. வங்கதேசத்திலிருந்து 2016ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சாதனம் உலகெங்கும் செய்தியாயிற்று. பிளாஸ்டிக் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, ஒரு பலகையில் வரிசையாகத் துளையிட்டு, கழுத்துப் பகுதி அறைக்குள்ளும் அகன்ற பகுதி வெளியிலும் இருக்குமாறு பொருத்தி, சன்னலில் மாட்டவேண்டும். அறையின் வெப்பநிலை 5 டிகிரி வரை குறையும் என்றார்கள். இதற்குக் காட்டப்பட்ட சான்று மிக எளியது. வாயை அகலத் திறந்து 'ஹா' என்று கையின்மேல் ஊதினால் காற்று சூடாக இருக்கிறது; உதட்டைக் குவித்து 'ஊ' என்று ஊதினால் குளிர்கிறது. ஆகவே குறுகிய வழியே செல்லும் காற்று குளிர்ந்துவிடுகிறது என்பது வாதம்.

வாதம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. உதட்டைக் குவித்து ஊதும்போது வரும் மெல்லிய காற்றுத் தாரை, வழியிலுள்ள அறைக்காற்றையும் இழுத்துக்கொண்டு செல்கிறது. நம் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி. அறைக்காற்று 28 டிகிரி என்றால் கலவை குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? கையின்மீதுள்ள ஈரமும் வேகமாக ஆவியாகிறது. சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது இதே சோதனையைச் செய்து பாருங்கள், 'ஊ'வும் சுடும்! விரைவால் மட்டும் காற்று எவ்வளவு குளிரும் என்பதையும் கணக்கிடலாம். வினாடிக்கு 5 மீட்டர் வேகம் பெறும் ஒரு கிலோகிராம் காற்றின் இயக்க ஆற்றல் பன்னிரண்டரை ஜூல். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ ஆயிரம் ஜூல் எடுக்கவேண்டும். ஆகக் குறைவது டிகிரியில் எண்பதில் ஒரு பங்கு. இன்னொன்றும் உண்டு. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் வாய் 2.2 சென்டிமீட்டர்தான். பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு. அதாவது சன்னலில் பன்னிரண்டு பங்கை அடைத்துவிட்டு மிச்சத்தைக் 'குளிர்சாதனம்' என்கிறோம். ஏழை மக்களின் தகரக் குடிசைகளுக்கென்று நல்ல உள்ளத்தோடு பரப்பப்பட்ட யோசனை இது. நல்ல உள்ளம் காற்றோட்டத்தை அடைத்தது என்பதுதான் வருத்தம்.

மண்பானையோ நேர்மையான சாதனம். தன் வரம்பை அது மறைப்பதில்லை. நம் பகுதியில் மே மாதப் பிற்பகலில் 40 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதனும் இருந்தால், ஆவியாதலால் எட்டக்கூடிய கீழ் எல்லை ஏறத்தாழ 25 டிகிரி. பானை அவ்வெல்லையைத் தொடாது. ஆனாலும் பத்து டிகிரிக்குக் குறையாமல் இறங்கும். நவம்பர் மழையில் 27 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதனும் இருக்கும்போது அந்த எல்லை இரண்டு டிகிரி கீழேதான். அப்போது நமக்கும் குளிர்ந்த நீர் தேவையில்லை. தேவையும் திறனும் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவது பானையின் அதிருஷ்டம்! கண்காட்சிகளில் பெல்டியர் தகடு வைத்துச் செய்யப்படும் 'சூரியக் குளிர்பெட்டி'க்கு அந்த அதிருஷ்டம் இல்லை. அது அறுபது வாட் மின்சாரத்தை விழுங்கி, முப்பது வாட் வெப்பத்தைக்கூட வெளியேற்றத் திணறும். அதே அறுபது வாட்டில் சாதாரண வீட்டுக் குளிர்பெட்டியின் அமுக்கி நூறு வாட்டுக்கு மேல் வெளியேற்றும். வீட்டைக் குளிரவைக்க விரும்பும் மாணவன் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும். பழுப்பேறிய கான்கிரீட், மேலே விழும் ஆயிரம் வாட்டில் 650 வாட்டுக்குக் குறையாமல் விழுங்குகிறது. புதிய வெள்ளைப் பூச்சு 300 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். கண்காட்சியில் இதற்குப் பரிசு கிடைக்காது என்பது வேறு செய்தி.

அடுத்தது வெப்பம். இதில் நமக்கு நீண்ட மரபு உண்டு. 1767இல் சுவிட்சர்லாந்தின் சோசூர் கண்ணாடிப் பெட்டிக்குள் கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்தை உண்டாக்கிக் காட்டினார். பம்பாயில் வாழ்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளைக் கொண்டு சூரிய அடுப்பு செய்து, 1878இல் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். 1950களில் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் குழிந்த எதிரொளிப்பான் கொண்ட அடுப்பை உருவாக்கி, அது சந்தைக்கும் வந்தது. பின்னர் 1980களில் பெட்டி வடிவ அடுப்பு அரசு மானியத்துடன் பரப்பப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் சூரிய அடுப்பு எரிகிறது?

குறை பெட்டியில் இல்லை. கால் சதுர மீட்டர் வாயுள்ள பெட்டியில் நல்ல வெயிலில் 250 வாட் விழும். பாத்திரத்துக்குள் 70 வாட் போய்ச் சேர்ந்தால் நல்ல பெட்டி. இரண்டு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்த இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரிசியும் பருப்பும் நன்றாகவே வேகும். ஆனால் நம் வீட்டில் மதிய உணவு காலை எட்டு மணிக்குள் டப்பாவில் ஏறவேண்டும். சூரியனோ பத்து மணிக்குத்தான் வேலைக்கு வருகிறான். தாளிக்கவும் தோசை வார்க்கவும் அந்தப் பெட்டியால் ஆகாது. 'எப்போது' என்ற கேள்விக்கு வடிவமைத்தவர்களிடம் விடை இல்லை. பழி மட்டும் 'பழமையில் ஊறிய இல்லத்தரசிகள்' மேல் விழுந்தது. இதே வெப்பம், நூற்றுக்கணக்கானோருக்கு நண்பகலில் உணவிடும் கூடத்தில் பொருந்திப்போயிற்று. ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்து மாடியில் 15 மீட்டர் அகலமுள்ள கிண்ணமும், 2002இல் திருமலையில் பதினையாயிரம் பேருக்குச் சமைக்க அமைக்கப்பட்ட நீராவி அமைப்பும் இதற்குச் சான்று. அங்கே ஆள் வைத்துக் கண்ணாடியைத் துடைக்கலாம். பெரிய கொதிகலனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி, நம் ஊர் வண்டிக்கு வருவோம்.

அக்னித் தலம் என்று பெயர் பெற்ற ஊரில், இஸ்திரிப் பெட்டியிலிருந்து தணலை வெளியேற்றும் எண்ணம் பிறந்தது வேடிக்கையான பொருத்தம்தான். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டு, சூரிய மின்பலகை கூரையிட்ட இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது 2019இல் கிடைத்தது. முன்மாதிரி வண்டி, அவ்விருதை வழங்கும் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் துணையோடு உருவாயிற்று. 2020இல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசும், 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றில் இடமும் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டிலும் பேசினார். பாராட்டுகளுக்குப் பஞ்சமில்லை. நான் இங்கே செய்ய விரும்புவது பாராட்டு அன்று. ஒரு பொறியியல் சாதனத்துக்கு உரிய மரியாதையோடு அதைக் கணக்கில் நிறுத்திப் பார்ப்பது.

முதலில் அதன் சிறப்பு. பிற கண்காட்சிச் சாதனங்கள் 'சூரிய ஆற்றலால் என்ன செய்யலாம்?' என்று தொடங்குகின்றன. இது ஒரு மனிதரின் வேலையிலிருந்து தொடங்கியது. பித்தளைப் பெட்டியில் தணலைப் போட்டு, அதன்மேல் குனிந்து நாள் முழுதும் நிற்பவர் மூச்சில் போவது வெறும் புகை அல்ல. நெடியோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து போகிறது. இந்த வேலை பெரும்பாலும் பகலில் நடப்பது, வெளியில் நடப்பது, ஓரிடத்தில் நின்று செய்வது. 'எப்போது' என்ற கேள்வியில் சூரிய அடுப்பு தோற்ற இடத்தில் இந்த வண்டி தேறிவிடுகிறது.

'எவ்வளவு' என்ற கேள்வி சற்றுக் கடினம். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் கரி என்று இச்செய்திகளில் சொல்லப்பட்டது. ஒரு கிலோகிராம் கரியில் ஏறக்குறைய 8 யூனிட் வெப்பம் உண்டு. ஆக 40 யூனிட். இவ்வளவும் மின்பலகையிலிருந்து வரவேண்டும் என்றால் வண்டியைத் தூக்கி எறிந்துவிடலாம். நல்லவேளையாகத் துணிக்குத் தேவை அதுவன்று. 200 கிராம் எடையுள்ள சட்டையில் 30 கிராம் நீர் தெளிக்கிறோம் என்று கொள்வோம். அந்நீரைச் சூடாக்கி ஆவியாக்க 78 கிலோஜூல். துணியைச் சூடாக்க 26 கிலோஜூல். மொத்தம் நூற்றுச் சொச்சம். நாளைக்கு நூறு துணி என்றால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. நாற்பது யூனிட்டில் பதினான்கில் ஒரு பங்குதான் துணிக்குப் போகிறது. மீதி தொழிலாளியின் முகத்துக்கும் கைக்கும் தெருவுக்கும் போகிறது! மின்பெட்டியிலும் காற்றுக்குப் போகும் இழப்பு உண்டு. அதையும் சேர்த்து ஆறு மணி நேர வேலைக்குச் சராசரி 600 வாட், அதாவது நாளைக்கு 3.6 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு மாணவர் குறுக்கிட்டு, 'வெப்பம்தானே தேவை? மின்பலகை வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. குழி ஆடி வைத்து நேராகவே பெட்டியைச் சூடாக்கினால் என்ன?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் இஸ்திரிப் பெட்டி கையோடு அலைவது. ஆடியின் குவியமோ அசையாதது. வெப்பத்தைக் கம்பி வழியே கைக்குக் கொண்டுவர முடியாது, மின்சாரத்தைக் கொண்டுவரலாம். வடிவமைப்பு சரியான வழியையே தேர்ந்திருக்கிறது.

இப்போது கூரையை அளப்போம். ஆறடிக்கு நான்கடி வண்டிக் கூரை 2.2 சதுர மீட்டர். இன்றைய மின்பலகைகள் சதுர மீட்டருக்கு 200 வாட் தருவன. ஆகவே 440 வாட். நம் பகுதியில் சராசரி நாளில் விழும் ஆற்றல், உச்சி வெயில் ஐந்து மணி நேரம் அடித்ததற்குச் சமம். பலகை சூடாவதாலும், மின்கலத்திலும் மின்மாற்றுக் கருவியிலும் ஏற்படும் இழப்புகளாலும் கால் பங்கு போகும். மிஞ்சுவது நாளைக்கு 1.65 யூனிட். நூறு துணி தேய்ப்பவருக்கு நாற்பத்தைந்து துணிக்குப் போதும். முழு நாளுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் வேண்டும். கூரையின் இருபுறமும் சிறகு விரித்தாற்போல் பலகை நீளவேண்டும். ஐந்து மணி நேர வெயில் ஆறு மணி நேரம் தேய்க்கப் போதும் என்று செய்திகள் எழுதின. எத்தனை சதுர மீட்டர் என்று சேர்க்காதவரை அது பாதி வாக்கியம். மறு பாதியைக் கேட்டிருக்கவேண்டியது செய்தியாளர், கேட்கவில்லை.

பலகையைச் சாய்க்காமல் கிடையாக வைப்பதைச் சிலர் குறையாகச் சொல்லலாம். அது குறையன்று. நம் ஊர் 12 டிகிரி வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வார இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறான். கிடைப்பலகையால் ஆண்டு முழுவதிலும் இழப்பது இரண்டு மூன்று விழுக்காடே.

மின்கலம்தான் உண்மையான சுமை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் ஒன்றின் எடை முப்பது கிலோகிராம். அதில் உள்ளது 1.2 யூனிட், நீடித்து உழைக்கவேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். அது ஒரு மணி நேரத் தேய்ப்பு. மேகமூட்டமான நாள் முழுவதையும் ஓட்ட ஆறு மின்கலங்கள், 180 கிலோகிராம் வேண்டும். லித்தியம் வகையில் இது நாற்பது கிலோகிராம் அளவுக்குக் குறையும்; விலை ஏறும். வெயிலற்ற நாளில் முன்பே மின்னேற்றிய மின்கலத்தையோ மின் இணைப்பையோ ஜெனரேட்டரையோ பயன்படுத்தலாம் என்று வடிவமைப்பிலேயே வழி சொல்லப்பட்டிருக்கிறது. தீபத் திருவிழாவை ஒட்டிய வாரங்களில், ஊர் விடுதிகள் நிரம்பி வழியும்போது, வடகிழக்குப் பருவமழை வானம் மூடிக் கிடப்பதை நாம் அறிவோம். ஆகவே இந்த மாற்று வழியை வெறும் அடிக்குறிப்பாகக் கருதக்கூடாது. (இதைப் பார்த்துத் தாமே செய்ய முனைவோர் ஒன்றை மறக்கவேண்டாம். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். வீட்டு விளக்குக்குப் போடும் கம்பி இதைத் தாங்காது, தீப்பிடிக்கும்.)

'எங்கே' என்ற கேள்வியில்தான் இந்த வண்டி தடுமாறுகிறது. உங்கள் தெரு இஸ்திரி வண்டி எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேப்பமரத்தடியில், புங்கமரத்தடியில், மாடி வீட்டின் நிழலில். மே மாதத்தில் தணலோடு வேலை செய்பவர் வேறு எங்கே நிற்பார்? சூரிய வண்டியோ திறந்த வெயிலில் நின்றாகவேண்டும். பலகைக் கூரை தலைக்கு நிழல் தரும் என்பது மெய். ஆனால் அறுபது டிகிரிக்குச் சூடேறும் பலகையின் கீழ் நிற்பதும் மரநிழலில் நிற்பதும் ஒன்றல்ல. மரத்தடியில் நிறுத்தினாலோ, ஒரு கிளையின் நிழல் பலகையின் ஓரத்தில் விழுந்தாலே விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடக்கூடும்; மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் நிழலில் பட்டது மற்றவற்றையும் தடுக்கிறது.

பலகை வண்டியின்மேல்தான் இருக்கவேண்டுமா? அருகிலுள்ள மாடியில் 5 சதுர மீட்டர் பலகையை நிலையாக வைத்து, கம்பி வழியே மரத்தடிக்கு மின்சாரம் கொண்டுவரலாம். அல்லது மாடியில் மின்னேற்றிய மின்கலத்தைக் காலையில் எடுத்துவந்து மாட்டலாம். வண்டி எடை குறையும், மனிதர் நிழலில் நிற்பார். படம் எடுத்தால் அழகாக இராது என்பது ஒன்றே குறை. இன்னும் ஒரு படி போய், மாடி வீட்டுக்காரரிடமே மின்சாரம் வாங்கினால் என்ன என்றும் கேட்கவேண்டும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் நாளைக்கு 36 ரூபாய்தான். ஐந்து கிலோகிராம் கரியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடைபாதைத் தொழிலாளிக்கு முறையான மின் இணைப்பு எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் அங்கே இடர்ப்பாடு. அது இயற்பியல் இடர்ப்பாடு அன்று. எரிவாயுப் பெட்டிக்கு மாறிவிட்டவர்களும் இருக்கிறார்கள். சூரிய வண்டி போட்டியிட வேண்டியது கரியோடு மட்டுமல்ல, இவற்றோடும்தான்.

இறுதியாக ஓர் எண். இந்தியாவில் ஒரு கோடி இஸ்திரி வண்டிகள் இருப்பதாக இவ்வண்டியைப் பற்றிய செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லின. 140 கோடி மக்களுக்கு ஒரு கோடி வண்டி என்றால் 140 பேருக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரின் மக்கள்தொகை சுமார் 1,45,000. அந்த விகிதத்தில் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கவேண்டும். சிற்றூர்களில் வண்டிகள் அரிது என்பதால் நகரங்களில் இதைவிடவும் அதிகமாக இருந்தாகவேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருகிற எவருக்கும் இந்த எண் உறுத்தும். மாணவியைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர்கள் கொடுத்த எண்ணைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வார்டில் உள்ள இஸ்திரி வண்டிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் பெட்டி கரியா, எரிவாயுவா, மின்சாரமா. நாளைக்கு எத்தனை துணி, எத்தனை கிலோகிராம் கரி. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை எந்தெந்த நேரத்தில் வண்டியின் மேல் நிழல் விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். தொழிலாளியிடம் அவர் அந்த இடத்தில் ஏன் நிற்கிறார் என்றும் கேளுங்கள். அட்டவணையைப் பெரிய தாளில் போட்டு, அடுத்த கண்காட்சியில் அட்டைப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள்.